பன்னிரண்டாவது குழி

துண்டை இன்னொரு சுத்து இறுக்கிக் கட்டுறேன். மூக்கோரமாக் கொஞ்சம் வெளிச்சம் கசியுது, அதையும் அடைக்கணும். இல்லேன்னா வந்ததும் வராததுமா முதல் கேள்வியே அதாத்தான் இருக்கும், "இடையில திருட்டுத்தனமாப் பாத்தியாப்பா?"ன்னு. பாத்தேன்னா மறுபடி முதல்லேர்ந்து நடக்கச் சொல்லுவா. பாக்கலேன்னு பொய் சொன்னா குரல்லயே கண்டுபுடிச்சிருவா. ரெங்கநாயகி, என் மக. பொறந்ததுலேர்ந்தே பார்வை கிடையாது. ஆனா அவகிட்ட பொய் சொல்லித் தப்பிச்சவங்கன்னு எங்க வீட்டுல யாரும் இல்ல, என் ஒருத்தனைத் தவிர. சரி, அது வேணாம் இப்ப. மணி ஒன்பதரை இருக்கும், வெயில் பிடரியில விழுது. பத்தரை பஸ்சுக்கு அவ வந்து இறங்குறதுக்குள்ள நான் இந்தக் கயிறைப் புடிச்சுக்கிட்டு குவாரி மேட்டுலேர்ந்து அடிப்பள்ளம் வரைக்கும் கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு தடவை நடந்து பாத்து வைக்கணும். அது அவ போட்ட உத்தரவு. "பதினாலு பிள்ளைங்க வியாழக்கிழமை நடக்கப் போகுதுங்க. நீ நடக்காத பாதையில அதுங்களை எப்படிப்பா விடுவேன்?" பார்வையில்லாத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல டீச்சரம்மா ஆயிட்டாள்ல, அப்பனுக்கே வீட்டுப்பாடம் கொடுக்குறா. நாப்பது வருஷமா இந்தக் குவாரியோட மூச்சு தெரிஞ்ச மாசிலாமணிக்கு, வெடி மேஸ்திரி மாசிலாமணிக்கு, கண்ணைக் கட்டிட்டா மட்டும் வழி தெரியாமப் போயிருமா என்ன. தெரியும். தெரியுறதுனாலதான் துண்டை இறுக்கிக்கிட்டே இன்னும் இங்கேயே நிக்கிறேன்.

கயிறு நல்ல தேங்காநார்க் கயிறு, கீரமங்கலத்துலேர்ந்து வாங்கியாந்தது, உள்ளங்கையைப் பிராண்டுது. பிராண்டணும்னு அவதான் சொன்னா, வழுவழுன்னு நைலான் கயிறு போட்டா தூங்குற மாதிரி இருக்குமாம். புளியமரத்து மூட்டுல கட்டி, இரும்புக் கம்பி ஊனி, கம்பிக்குக் கம்பி வளையத்துல கோத்து ஒரே கயிறா அடி வரைக்கும் இறக்கியிருக்கேன். ஒரு முடிச்சுன்னா நேரா போ, ரெண்டு முடிச்சுன்னா திரும்பு, மூணு முடிச்சுன்னா நில்லு. காலுக்குக் கீழ சல்லி கறுக் கறுக்குங்குது. லாரி இறங்குன பாதை இது. இதே சரிவுல ஒரு நாளைக்கு முப்பது வண்டி ஏறி இறங்கும், டிரைவருங்க ஆரன் அடிக்கிற சத்தத்துல ஒருத்தன் பேசுறது இன்னொருத்தனுக்குக் கேக்காது, நாங்க கையாலதான் பேசிக்குவோம். இப்ப எங்கேயோ ஒரு செம்போத்து கத்துது. அவ்வளவு அமைதி. இந்த அமைதிதான் அவளுக்குப் பிடிச்சுப்போச்சு. ரோட்டுல நின்னு பாத்தா இப்படி ஒரு இடம் இருக்குறதே தெரியாது, கருவேலங்காடுதான் தெரியும், உள்ள வந்து எட்டிப் பாத்தாதான் அம்பது அடிப் பள்ளம். "டவுன் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனா எல்லாரும் எங்க பிள்ளைங்களையே பாக்குறாங்கப்பா. பாக்குறது எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டுப் பாக்குறாங்க. ஒருத்தர் கண்ணும் படாத தோட்டம் ஒண்ணு வேணும்"னா. தொட, மோக்க, கேக்க மட்டும் ஒரு தோட்டம். பஞ்சாயத்துல எழுதிக் கொடுத்து, நடையா நடந்து, அனுமதி வாங்குனதும் அவதான். நான் அன்னிக்கே வாயைத் தொறந்திருக்கணும். வேற இடம் பாருன்னு சொல்லியிருக்கணும். ஏன்னு கேட்டிருப்பா. அங்கதான் என் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு, ஒண்ணரை வருஷமா ஒட்டிக்கிட்டே கிடக்கு.

ரெண்டு முடிச்சு. திரும்பணும். திரும்புனதும் குப்புன்னு ஓமவல்லி வாசம், இடுப்பு வரைக்கும் வளந்து கையில படுது, இலை தடிமனா நாய்க்குட்டி காது மாதிரி. அடேயப்பா, கண்ணைத் தொறந்துக்கிட்டு நூறு தடவை இதுக்குத் தண்ணி ஊத்தியிருக்கேன், இப்படி ஒரு வாசம் அடிச்சதே இல்ல. அடுத்து திருநீத்துப்பச்சிலை, அதுக்கடுத்து எலுமிச்சம்புல்லு, அது கையை அறுத்துரும்னு நான் வேணாம்னேன். "லேசா அறுக்கட்டுமேப்பா, எல்லாமே பஞ்சு மாதிரி இருந்தா அது தோட்டமா, மெத்தையா?"ன்னு கேட்டா. அவ பேச்சே அப்படித்தான், அவ அம்மாவைக் கொண்டு. சின்னப்பொண்ணு, என் வீட்டுக்காரி, இன்னிக்குக் காலைல கிளம்புறப்பவே கேட்டா, "ஏங்க, ராத்திரியெல்லாம் புரண்டுக்கிட்டே கிடந்தீங்க, நெஞ்சு கரிக்குதா?"ன்னு. ஆமான்னு சொல்லி ஒரு ஜெலுசில் மாத்திரையையும் வாங்கி மென்னு தின்னுட்டு வந்திருக்கேன். நெஞ்சு கரிக்குதுதான். அதுக்கு மாத்திரை எந்தக் கடையிலயும் கிடையாது.

இப்ப காலுக்கடியில சல்லி போயி மணல் வந்துருச்சு. அப்படின்னா தண்ணி பக்கத்துல. கை தன்னால கயிறை இறுக்குது. பள்ளத்தோட தென்பக்கம் முப்பதடி ஆழத்துக்குத் தண்ணி நிக்குது, கருநீலமா, மேல பாசிகூடப் படியாத தண்ணி. ஊர்ல எல்லாரும் என்கிட்ட கேட்டது அதைத்தான். என்ன மாசிலாமணி, பார்வையில்லாத பிள்ளைங்களைக் குவாரித் தண்ணிகிட்டக் கொண்டு போறியே, உனக்குப் புத்தி கித்தி இருக்கான்னு. அதுக்கு நான் மூங்கில் தட்டி அடிச்சு, உள்ளே கம்பி வேலி போட்டு, அதுக்கும் முன்னாடி வெட்டிவேர்ப் புல்லை ரெண்டு வரிசை நட்டு வச்சிருக்கேன், யானை வந்தாலும் தாண்டாது. தண்ணியைப் பத்தி எனக்குப் பயமே இல்ல. தண்ணிக்குப் பயப்படுறாங்களேன்னு எனக்கு நிம்மதியாக்கூட இருந்துச்சு, வெக்கத்தை விட்டுச் சொல்றேன். எல்லாரும் தண்ணியப் பாத்துக்கிட்டு இருந்தா செவுத்தை யாரு பாக்கப் போறா.

டொக். டொக். பித்தளைச் செம்புல பாறைக்கசிவு சொட்டுற சத்தம். இதுவும் அவ யோசனைதான், சொட்டுற இடம் பாத்து செம்பைக் கவுத்து வச்சது. ஒரு சொட்டுக்கும் இன்னொரு சொட்டுக்கும் நடுவுல எத்தனை மூச்சுன்னு பிள்ளைங்க எண்ணட்டும்னா. எண்ணுறது. எங்க வேலையே எண்ணுறதுதானே. பாறையில எத்தனை குழி போட்டோம், எத்தனைக்கு வெடிமருந்து கெட்டிச்சோம், எத்தனை வெடிச்சுது. மூணும் ஒண்ணா இருக்கணும். திரியை ஒண்ணுக்கு ஒண்ணு நீளம் கூட்டி வெட்டி வைப்போம், ஒண்ணு பின்னால ஒண்ணா வெடிக்கணும்ல, சேந்து வெடிச்சா எண்ண முடியாதே. பத்த வச்சுட்டு மறைவுக்கு ஓடிப்போய் உக்காந்து விரலை மடக்கணும். ஒண்ணு குறைஞ்சா அன்னிக்கு ஒருத்தனும் கீழ இறங்கக் கூடாது. உள்ளே ஒண்ணு முழிச்சுக்கிட்டு கிடக்குதுன்னு அர்த்தம். யாகப்பன், என்கூட பதினேழு வருஷம் ட்ரில்லு புடிச்சவன், வேற குவாரிக்குப் போன மூணாம் மாசம் யாரோ எண்ணாம விட்ட பழைய குழியில கம்பியை வச்சான். அவனைப் பத்தி அதுக்கு மேல நெனைக்க மாட்டேன். பெட்டியை மூடியே கொண்டாந்தாங்க, அவ்வளவுதான்.

வீட்டுலயும் எண்ணுவாங்க. குவாரியடி ஊர்ல எல்லா வீட்டுலயும் அது உண்டு. காலைல கிளம்புறப்ப வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே சொல்லிட்டுத்தான் போகணும், இன்னிக்கு எட்டு, இன்னிக்கு பத்துன்னு. சாயங்காலம் விசில் ஊதுனதும் சின்னப்பொண்ணு அடுப்புப் பக்கமே போகமாட்டா, உலை வைக்க மாட்டா, சொன்ன கணக்கு முழுசாக் கேக்குற வரைக்கும். ரெங்குவுக்கு ஆறு வயசானதும் அந்த வேலையை அவ எடுத்துக்கிட்டா. ஒரு கொட்டாங்குச்சியும் ஒரு குத்து புளியங்கொட்டையும் வச்சுக்கிட்டு, தரையில ஒரு உள்ளங்கையைப் பதிச்சு உக்காந்துருவாளாம். ஒரு வெடிக்கு ஒரு கொட்டை. நான் வீட்டுக்கு வந்ததும் கொட்டாங்குச்சியைக் குலுக்கிக் காட்டுவா, "பத்துப்பா, சரியா?" "சரிடி என் கணக்குப்புள்ளே." ஒரு நாள்கூடத் தப்புனதில்ல. ஒரே ஒரு நாள் தவிர. அன்னிக்கும் தப்புனது அவ இல்லையோங்குறதுதான், ஐயோ, அதுதான் என்னைப் போட்டு அரிக்குது.

காலு வழுக்குது, இது பாசிக் கல்லு, இதைச் சுரண்டணும், நெனவு வச்சுக்க மாசிலாமணி, வியாழக்கிழமைக்குள்ள சுரண்டணும். என்ன சொன்னேன், ஆமா, கடைசி நாளு. குவாரி குத்தகை முடிஞ்சு மூடுற நாளு. ஓனரு கடைசியா ஒரு வரிசை போட்டுக் கொடுத்துட்டுப் போங்கடான்னு சொல்லிட்டாரு. வடக்குச் செவுத்து அடியில, இடுப்பு உயரத்துல, படுக்கை வாட்டமா பன்னிரண்டு குழி. காலைல வீட்டுல சொல்லிட்டு வந்தது பன்னிரண்டு. மேல ஷெட்டுல அண்டாவுல பிரியாணி தம்முல இருந்துச்சு, எல்லாருக்கும் வேட்டி சட்டை, போட்டோ புடிக்க ஆளு வந்திருந்தான். நான் பாறை மறைவுல உக்காந்து விரலை மடக்குறேன். ஒம்பது. பத்து. பதினொண்ணு. அப்புறம் ஒரு நொடி. அப்புறம் ஒண்ணு. அந்த ஒண்ணு கொஞ்சம் மெத்துன்னு கேட்டுச்சு. மேலேர்ந்து பயலுக, "என்ன மேஸ்திரி, முடிஞ்சுதா?"ன்னு கத்துறானுங்க. முடிஞ்சுதுன்னு கத்துனேன். விதிப்படி அரைமணி பொறுத்து இறங்கிப் போய் ஒவ்வொரு குழியாப் பாக்கணும். மேல ஏறி அங்கேர்ந்தே எட்டிப் பாத்தேன், ஒரே புழுதி. யாரு நாளைக்கு இங்க வரப்போறான்னு ஒரு நெனப்பு. விசிலை ஊதிட்டுப் பிரியாணி திங்கப் போயிட்டேன். முப்பது வருஷம் செய்யாத வேலையை அந்த ஒரு நாள் செஞ்சேன். இல்ல, முப்பது வருஷம் செஞ்ச வேலையை அந்த ஒரு நாள் செய்யல.

வீட்டுக்குப் போனா கொட்டாங்குச்சியைக் குலுக்கல அவ. "அப்பா, ஒண்ணு குறையுது. பதினொண்ணுதான்." பன்னிரண்டுடி, நான் பக்கத்துலயே இருந்தேன்ல. "கடைசியா கேட்டது வெடி இல்லப்பா, திரும்பி வந்த சத்தம். தரை அதிரல." உலை வைக்காம அடுப்படியில நின்னுக்கிட்டு இருக்கா சின்னப்பொண்ணு, அவ மூஞ்சியில அப்படியொரு பயம். எனக்கு எங்கேர்ந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ. புது வேட்டி கட்டியிருந்தேன், வயிறு நெறைய தின்னிருந்தேன், ஊரே மேஸ்திரி மேஸ்திரின்னு கையைக் குலுக்கிட்டு அனுப்பியிருந்துச்சு. ஒம்பது வயசுப் பிள்ளையைப் பாத்துச் சொன்னேன், "கண்ணுதான் இல்ல, காதுமா இல்லாமப் போச்சு உனக்கு?" சொல்லிட்டேன். வாய் தவறியெல்லாம் சொல்லல, நோகட்டும்னேதான் சொன்னேன். அவ குனிஞ்சா. கீழ தடவி இன்னொரு புளியங்கொட்டையை எடுத்து கொட்டாங்குச்சிக்குள்ள போட்டா. டிக்குன்னு ஒரு சத்தம். பன்னிரண்டு. அதுக்கப்புறம் அதைப் பத்தி அந்த வீட்டுல பேச்சே கிடையாது, பதிமூணு வருஷமா.

மூணு முடிச்சு. நில்லு. காலால துழாவுனா வழவழன்னு பெரிய பலகைக்கல்லு, நான்தான் கடப்பாரை போட்டு நெம்பி சமமாக்குனேன். இது அவளோட செல்ல இடம். இங்க நின்னு ஒரு தடவை கை தட்டணும், எதிர்ச் செவுரு பதில் சொல்லும். "பிள்ளைங்க பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும்ப்பா. மலை தன் பேரைச் சொன்னா எவ்வளவு பெருமையா இருக்கும்!" இந்தக் கல்லைப் போட்டு எட்டு மாசமாச்சு. இது வரைக்கும் நான் இங்க நின்னு ஒரு தடவை கை தட்டுனதில்ல. செம்பு சொட்டுறதை நூறு தடவை கேட்டிருக்கேன், இதை மட்டும் செய்யல. தோள்ல கடப்பாரை, கையில தட்டுக்கூடைன்னு ஏதாவது சாக்கு வச்சுக்குவேன். இன்னிக்கு ரெண்டு கையும் சும்மா இருக்கு. அவ கேப்பா, தட்டிப் பாத்தியா, எத்தனை எண்ணுற நேரத்துல திரும்பி வந்துச்சுன்னு. தட்டுடா. தட்டு, என்ன ஆயிரப் போகுது, கைதானே.

தட்டுனேன். ஒரு நொடி ஒண்ணுமில்ல. அப்புறம் எதிர்ச் செவுத்துலேர்ந்து வந்துச்சு, மெத்துன்னு, ஓரம் மழுங்குன சத்தமா. அதேதான். விரல் மடக்கிக்கிட்டு பாறை மறைவுல உக்காந்திருந்தப்ப வந்ததும் இதே இடைவெளிதான், இதே மெத்துதான். மத்த வெடிக்கெல்லாம் எதிர்ச்சத்தம் அடுத்த வெடியோட சேந்து அமுங்கிப் போச்சு, பதினொண்ணாவதுக்கு அடுத்து வர வேண்டியது வரல, அதனால பதினொண்ணாவதோட எதிர்ச்சத்தம் தனியா நின்னுச்சு. அதை நான் எண்ணிட்டேன். பன்னிரண்டு வேணும்னு காத்துக்கிட்டு இருந்த காது, கிடைச்சதைப் புடிச்சுக்கிச்சு. இல்ல, இருக்காது, மறுபடி தட்டிப் பாக்குறேன். அதேதான். இன்னொரு தடவை. அதேதான். கை தட்டுறதை நிறுத்துறேன், உள்ளங்கை எரியுது. கைதட்டலுக்கே உள்ள கிடக்குறது முழிச்சுக்குமோன்னு ஒரு கிறுக்குத்தனமான பயம் வருது, கைதட்டுனா மருந்தைப் பத்த வைக்கிற கேப்பு வெடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா. தெரியும். ஆனாலும் ரெண்டு கையையும் வேட்டியில துடைச்சுக்கிட்டு மறுபடி கயிறைத் தேடிப் புடிக்கிறேன்.

குழி போட்ட வடக்குச் செவுரு இந்தப் பக்கம் பத்து எட்டுதான். போறேன். கயிறு செவுத்தோரமா இடுப்புக்குக் கீழ போகுது, அதுக்கு ஒரு சாண் மேல வெடிச்ச குழிகளோட மிச்சம், ஒவ்வொண்ணும் அரைமுழ ஆழத்துல வாயப் பொளந்துக்கிட்டு. முதல் தடவை இதைத் தடவிப் பாத்த அன்னிக்கு ரெங்கு என்ன சிரிப்பு சிரிச்சா! "அப்பா, கிளிப்பொந்து மாதிரி இருக்கு, ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு வைக்கலாம்!" எங்கப்பன் வேலை செஞ்ச செவுருன்னு பள்ளிக்கூடத்துலயெல்லாம் சொல்லி வச்சிருக்கா. ஒரு பட்டியல் போட்டா, எந்தக் குழியில என்ன வைக்கணும்னு. பத்துக்குப் போட்டுட்டு, "மிச்சத்தை நானே வந்து தடவிப் பாத்து முடிவு பண்றேன்"ட்டா. அதுக்குத்தான் இன்னிக்கு வர்றா. கையில அந்தச் சின்ன இரும்புக் கரண்டியோட வருவா, மண்ணு அடைஞ்ச குழின்னா சுரண்டி எடுக்குறதுக்கு. இரும்புக் கரண்டி. நான் கடைசி மூலையை மூடி சங்குப்பூக் கொடியும் பிரண்டையும் ஏத்தி வச்சிருக்கேன், அங்க கிடந்த கல்குவியலை மட்டும் எடுக்கல, ஏன்ப்பா பாதை அங்கே போகலைன்னா பாம்பு இருக்குன்னு சொன்னேன். "அப்ப பாம்புக்கும் ஒரு செடி வைப்போம்"னு சிரிக்கிறா. போன ஐப்பசி மழையில அந்தக் குவியலும் சரிஞ்சு செவுரு வெளிய வந்துருச்சு. நான் கிட்டப் போயிப் பாக்கல. கண்ணு இருந்தும் பாக்கல. அங்கே போனாலே வேற எங்கேயாவது பாப்பேன்.

இப்ப கண்ணு கட்டியிருக்கு, பாக்காம இருக்க முடியாது. விரலு போகுது. ஒண்ணு, ஆத்துமணல். ரெண்டு, சோழி. மூணு, மருக்கொழுந்து. நாலு, ஈரப்பாசி. அஞ்சு, கொத்தா வழவழன்னு... புளியங்கொட்டை. இதை வைக்கச் சொன்னதும் அவதான். பட்டியல்ல அஞ்சாவதா சொல்லிட்டு உடனே ஆறாவதுக்குப் போயிட்டா. ஆறு, பஞ்சு. ஏழு, வெட்டிவேர். எட்டு, மயிலிறகு. ஒம்பது, தேன்மெழுகு. பத்து, வெறுங்குழி, ஒண்ணுமே இல்லாததும் ஒண்ணு இருக்கணும்னா. கொடியை விலக்குறேன், பிரண்டை கையில நசுங்கி அரிக்குது. பதினொண்ணு. அதே பொந்து, அதே பொளந்த வாயி, சுத்தி வெடிச்ச கீறல். அப்பாடா. இன்னும் ஒண்ணு இப்படியே இருந்துட்டாப் போதும், குலசாமி, ஒண்ணே ஒண்ணு, உனக்குக் கெடா வெட்டுறேன். விரலு ஊர்ந்து போகுது, வழுக்கைப் பாறை, ஒரு முழம், ரெண்டு முழம். இருக்கு. பொளக்கல. ட்ரில்லு போட்டப்ப இருந்த மாதிரியே வட்டமா, விளிம்பு மழுங்காம. வாய் நிறைய மண்ணு, கெட்டிச்ச களிமண்ணு, என் கட்டைவிரல் அழுத்துன பள்ளம்கூட அப்படியே இருக்கு. என் விரலு அதுல சரியா உக்காருது. அதுக்குக் கீழ ஒரு நூல் மாதிரி நீட்டிக்கிட்டு, திரி, கருகி நின்னுபோன திரி.

கையை எடுக்க முடியல. எடுத்தா ஏதாவது ஆயிரும் போல இருக்கு, வச்சிருந்தாலும் ஆயிரும் போல இருக்கு. பதிமூணு வருஷம் தண்ணி ஊறியிருக்கும், செத்திருக்கும், ஒண்ணும் ஆகாது. யாகப்பன் வச்ச குழியும் அப்படித்தான் கிடந்துச்சு, எத்தனை மழை பாத்ததுன்னு யாருக்குத் தெரியும். எட்டு வருஷமா வெயில்ல ஆடு மேஞ்ச இடம்னாங்க. அங்கே ஓரமா தார்ப்பாய்க்கு அடியில அரை மூட்டை சிமெண்ட் வச்சிருக்கேன். முந்தாநாளு கொண்டாந்து வச்சது, எதுக்குன்னு என்கிட்டயே நான் கேட்டுக்கல. ஒரு கை சிமெண்ட். குழைச்சு அப்பிட்டா பத்து நிமிசம், மேல பாசியைத் தடவி விட்டுட்டா எவனுக்கும் தெரியாது. செவுத்துல பதினொரு குழிதான்னு ஆயிரும். பதினொண்ணுன்னு அவ எண்ணுவா. எண்ணிட்டு என்ன சொல்லுவா? ஒண்ணும் சொல்ல மாட்டா, அன்னிக்கு மாதிரியே. வியாழக்கிழமை பதினாலு பிள்ளைங்க இந்தச் செவுத்தை வரிசையாத் தடவிக்கிட்டு வரும், பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டு. அடுத்த வருஷம் எவனாவது கம்பி ஊன இங்க மிஷினை வைப்பான். சிமெண்ட்டுக்கும் அந்த மண்ணுக்கும் என்னடா பெரிய வித்தியாசம், மாசிலாமணி? அப்பவும் நீதான் அடைச்சே. இல்ல, அவ பத்தரை பஸ்சுக்குத்தானே வர்றா, இன்னும் நேரம் இருக்கு, யோசிக்கலாம், பாம்புன்னு இன்னொரு தடவை சொல்லலாம், நல்லபாம்புன்னு சொல்லலாம்.

கயிறு நடுங்குது. இடது கையில இருக்குற கயிறு. காத்து இல்ல. இது காத்து இல்ல, விட்டு விட்டு ஒரு அதிர்வு, ஒருத்தர் கை மாத்தி கை மாத்திப் புடிச்சு வர்ற அதிர்வு. அவ முந்தின பஸ்சுலயே வந்துட்டா. கரண்டியோட இறங்கிக்கிட்டு இருக்கா. ஓமவல்லிகிட்ட நின்னு மோந்து பாக்குறாளோ என்னமோ ஒரு கணம் அதிர்வு நிக்குது, அப்புறம் வேகமா வருது. இப்ப விட்டா பத்து நிமிசத்துல அவ விரலு இங்க இருக்கும், இந்தத் திரி மேல, இதைச் சுண்டிப் பாப்பா, எதையும் சுண்டிப் பாக்காம விட மாட்டா. நான் வளத்த விரலு அது. ஐயோ என் தாயீ.

"ரெங்கு! வராத! அங்கேயே நில்லு!"

செவுரு திருப்பிச் சொல்லுது, நில்லு, நில்லுன்னு. கயிறு சட்டுன்னு நின்னுபோச்சு.

"என்னப்பா? விழுந்துட்டியா?" மேலேர்ந்து கேக்குறா. குரல்ல பதட்டம்.

"விழல. நீ வராத. ஒரு அடிகூட எடுத்து வைக்காத."

"பாம்பா?"

பாம்புன்னு சொல்லிடு. ஒரே ஒரு சொல்லு. நாக்கு நுனிக்கு வந்து நிக்குது. கட்டைவிரல் இன்னும் அந்தப் பள்ளத்துலயே உக்காந்திருக்கு.

"பாம்பு இல்லம்மா. பாம்பு எப்பவுமே இல்ல. நீ சொன்னதுதான் சரி. பதினொண்ணுதான். கடைசியா கேட்டது திரும்பி வந்த சத்தம். ஒண்ணு உள்ளேயே இருக்கு, நான் அதைத் தொட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

செவுரு அதையும் திருப்பிச் சொல்லுச்சு, முழுசா இல்ல, கடைசிச் சொல்லை மட்டும். செம்புல சொட்டுற சத்தம் மட்டும், ஒண்ணு, ரெண்டு, மூணு. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளோ. போகட்டும், மேல போனாப் போதும், என்னைத் திட்டட்டும், பள்ளிக்கூடத்துல சொல்லட்டும், போலீசைக் கூப்பிடட்டும், தோட்டமே வேணாம்னு இழுத்து மூடட்டும். இங்க வராம இருந்தாப் போதும். அழுகையா வேர்வையான்னு தெரியல, துண்டு நனைஞ்சு கண்ணோட ஒட்டுது.

"கையை மெதுவா எடுத்துட்டு மேல வாப்பா." டீச்சர் குரல். "எதையும் புடுங்காத. வெடியை எடுக்குற ஆளுங்க இருப்பாங்கள்ல, கலெக்டர் ஆபீஸ்ல கேட்டு வரச்சொல்லலாம். நான் மறுபடி புளியமரத்தடிக்கு ஏறிப்போயி, வியாழக்கிழமை பஸ் வேணாம்னு ஸ்கூலுக்கு இப்பவே போன் பண்ணிடுறேன்."

"சரிம்மா."

"அப்பா."

"சொல்லும்மா."

"அன்னிக்கு நான் கூடப் போட்டேன்ல ஒரு கொட்டை. அதை எடுத்துரலாமா?"

விரலை அந்தப் பள்ளத்துலேர்ந்து எடுக்குறேன், ஒண்ணும் ஆகல. ஒரு எட்டு பின்னால வைக்கிறேன்.

"எடுத்துரும்மா"ங்குறேன், அவளுக்குக் கேட்டுச்சோ என்னமோ. துண்டை அவுக்கணும்னே தோணல. கயிறைப் புடிச்சுக்கிட்டு ஏறுறேன், மூணு முடிச்சு, ரெண்டு முடிச்சு, மணல், சல்லி. மேல் நுனியை அவ இழுத்துப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா, கயிறு தொய்யாம இருக்கு.